வாசல்வரை வந்த மத்தியஸ்தர்

யோகண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி, அவரை வெளியேற்றிய வட்ஸ்அப் குழுவிலிருந்துதான் எனக்கு வந்தது. மெல்பேர்னின் டண்டினொங் பகுதியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையைக் காலையில் திறந்து, விளக்குகளைப் போட்டுவிட்டுக் கைபேசியைப் பார்த்தேன். அவருடைய படம். படத்துக்கு மேலே வடலி யுனைட்டெட் உதைபந்தாட்டக் கழகத்தின் சின்னம். கீழே, "எமது கழகத்தின் நீண்டகால நலன்விரும்பியும் மூத்த மத்தியஸ்தருமான அமரர் யோகநாதன் அவர்களின் மறைவையிட்டு ஆறாத் துயருறுகிறோம்" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். முதலாவது கைகூப்பு கழகத் தலைவருடையது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நலன்விரும்பியாம்! இதே குழுவில், இதே ஆட்கள்தான் அவரைக் "காட்டிக்கொடுத்தவன்" என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்கும்படி அவர் கேட்டிருந்தார். சாகும்வரை வேறெதையும் அவர் அவர்களிடம் கேட்கவில்லை. அவர்கள் அதை எடுக்கவில்லை. இப்போது ஆளே போய்விட்டார், இவர்களுக்கு ஆறாத் துயர் வந்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் நடந்தது நடந்தபடி தெரியவேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் கோபம் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பாட்டுக்குக் கைகூப்பிக்கொண்டிருக்கட்டும்.

யோகண்ணைக்கு வார நாட்களில் பல்லுக் கட்டும் வேலை. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக் கட்டுப்பல் செய்யும் இடமொன்றில், மெல்பேர்னுக்கு வந்த காலம் தொட்டு வேலை செய்தார். டண்டினொங்கில் எங்கள் சனத்தின் சிரிப்பில் பாதி தன் கைவேலை என்று பகிடியாகச் சொல்வார். சனி, ஞாயிறு வந்தால் கறுப்புச் சட்டை, விசில், மஞ்சளும் சிவப்புமாக இரண்டு அட்டை. மாநில லீக்கின் கீழ் டிவிஷன்களில் அவர் ஓடாத மைதானம் குறைவு. பார்க்க வருபவர்களைவிட வேலியில் இருக்கும் பறவைகள் அதிகமாக இருக்கும் ஆட்டங்கள் அவை. அவற்றுக்கும் அவர் சட்டையை அயர்ன் பண்ணித்தான் போட்டுக்கொண்டு வருவார். மனைவி மலரக்கா வெயில் நாட்களில் மட்டும் கூட வந்து, காருக்குள் இருந்து புத்தகம் வாசிப்பார்.

எங்கள் டிவிஷனில் மத்தியஸ்தர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் நின்று கொடி பிடிக்க இரண்டு கழகங்களும் ஆளுக்கொருவரைக் கொடுக்க வேண்டும். வடலியில் அதற்கு ஆள் கிடைக்காது. மழையிலும் குளிரிலும் ஓட வேண்டும், இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்க வேண்டும். என் தம்பி ரகு வடலியில் இடப்பக்கப் பின்வரிசையில் விளையாடினான். அவனைக் காரில் கொண்டுபோய் விட்ட என் கையில் ஒருநாள் கொடியைத் திணித்துவிட்டார்கள். அன்றைக்கு மத்தியஸ்தர் யோகண்ணை.

எதிரணிக்காரர் ஒருவர் ஓஃப்சைட் என்று நான் கொடியைத் தூக்கினேன். யோகண்ணை என்னைப் பார்த்தார், கையால் கீழே இறக்கும்படி காட்டினார், கோலைக் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் நான் சண்டைக்குப் போனேன்.

"அண்ணை, நான் கொடி தூக்கினதைக் கண்டனீங்களோ?"

"கண்டனான், தங்கச்சி."

"பிறகேன் ஊதேல்லை?"

"நீர் உம்மட கண்ணால பார்த்தனீர். விசில் என்ர வாயில இருந்தது. அதால என்ர கண்ணால பார்த்துத்தான் ஊதவேண்டியதாப் போச்சு."

சொல்லிவிட்டுப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். சண்டை பிடிக்கப் போன நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு எங்கே கண்டாலும், "வதனி, இண்டைக்கு ஆரோடை சண்டை?" என்றுதான் கேட்பார்.

இன்னொரு சனிக்கிழமை அவர் எங்களுக்குத் தண்ட உதை ஒன்று கொடுத்தார். அதில்தான் நாங்கள் வென்றோம். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றபோது, அவர் கோப்பையில் கரண்டியால் தட்டினார். அந்தத் தண்ட உதை பிழை, தான் நின்ற இடம் பிழை, அதனால் கண்டதும் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதிரணிக் கோல்காப்பாளரிடம் போய்க் கையைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அந்த மனிதர் அயர்லாந்துக்காரர், பெரிய உடம்பு. அவர் தன் தட்டிலிருந்த ரோல்ஸில் ஒன்றை எடுத்து யோகண்ணைக்குக் கொடுத்தார். எங்கள் கழகத் தலைவர் என் காதுக்குள், "இப்பிடிச் சொன்னால் பிறகு ஆர் இவரை மதிப்பினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

அவர் விதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் என்று இப்போது சொல்கிறார்கள். சுத்தப் பொய். கோடை விடுமுறையில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் சேர்ந்து மெல்பேர்னில் சுற்றுப்போட்டி வைப்பது பலருக்குத் தெரியும். காலை ஒன்பது மணி என்று அறிவிப்பார்கள். பிரதம விருந்தினர் வந்து, மங்கல விளக்கேற்றி, அகவணக்கம் செலுத்தி, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, அவர் வரிசையாக எல்லா வீரருக்கும் கைகொடுத்து, முதல் பந்தை உதைக்கும்போது மத்தியானம் ஆகிவிடும். யோகண்ணை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காருக்குள் காத்திருப்பார். ஒருமுறை நான் அலுத்துக்கொண்டபோது, "இது எங்கட வீட்டு விசேஷம், வதனி. எத்தினை மணிக்கும் தொடங்கலாம். லீக் மட்ச் அப்பிடியில்லை. அது அடுத்த வீட்டுக்காரர் வைக்கிற விசேஷம், அங்கை நேரத்துக்குப் போகவேணும்" என்றார். வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் நிர்வாகசபைக்குத்தான் தெரியவில்லை.

இனி அந்த சீசனுக்கு வருகிறேன். வடலி யுனைட்டெட் எங்கள் ஆட்கள் தொடங்கிய கழகம் என்றாலும், அந்த ஆண்டு அணியில் பாதிப்பேர் தமிழரல்லர். அணித்தலைவர் டெங், தென் சூடானைச் சேர்ந்தவர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை முடித்து, குளித்துவிட்டு நேரே பயிற்சிக்கு வருவார். கோல்காப்பாளர் நாற்பது தாண்டிய பிளம்பர். ரகுவும் வேறு சில பெடியளும் களஞ்சியங்களில் ஷிஃப்ட் வேலை. பல வருடங்களாக நாங்கள் அடி டிவிஷனில் அடியில் கிடந்த அணி. ஏப்பிரலில் தொடங்கியதும் வழமைபோலத் தோற்றோம். தோல்வி பழகியபடியால் ஒருவருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

டெங்குக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. செவ்வாயும் வியாழனும் ஆட்களை வீடு வீடாகப் போய்க் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜூன் மாதச் சேற்றில் ஒரு ஆட்டம் வென்றோம், பிறகு இன்னொன்று. ஜூலையில் எங்கள் மைதானத்துக்கு வர மற்றக் கழகங்கள் பயந்தன. பயந்தாலும் வந்தார்கள், ஏனென்றால் எங்கள் கன்டீனில் கொத்துரொட்டி. எதிரணிக்கு ஆதரவாக வந்தவர்கள் எங்கள் வரிசையில் நின்று, எங்கள் பெடியளின் பெயரைக் கேட்டுப் பழகினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ரகு வீட்டில் விசிலடித்துக்கொண்டு திரிந்தான். கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். வென்றால் மேல் டிவிஷன். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடத்துக்கு நாங்கள் வந்ததில்லை.

நிர்வாகசபை என்ன செய்தது? பிரதம விருந்தினரைக் கூப்பிட்டது.

சிட்னியில் டூங்கபியிலிருந்து ஒரு பிரமுகர் விமானத்தில் வருகிறார் என்றார்கள். அவருடைய படம் போட்ட பதாகை கோல் கம்பத்தைவிட அகலமாக இருந்தது. குத்துவிளக்கு வந்தது, பொன்னாடை வந்தது, வீடியோக்காரர் வந்தார். இதெல்லாம் லீக் ஆட்டத்தில் செய்ய நேரமில்லை என்று நான் சொன்னேன். "உமக்குக் கொடி பிடிக்கிறதுதானே வேலை" என்று பதில் கிடைத்தது.

அன்று காலை இன்னொரு செய்தி. நியமிக்கப்பட்ட மத்தியஸ்தருக்குச் சுகமில்லை, யோகண்ணை வருகிறார். இது தன் சமூகத்தவரின் கழகம் என்று யோகண்ணை லீக்குக்குச் சொல்லியிருக்கிறார். வேறு ஆள் இல்லை, எதிரணிக்கும் ஆட்சேபம் இல்லை, நீங்களே போங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். எங்கள் தலைவருக்கு நிலத்தில் கால் பாவவில்லை. "முருகன் அனுப்பின ஆள்! எங்கட ஆள்!" என்று கன்டீனுக்குள் போய் எல்லோருக்கும் சொன்னார்.

ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தது. எதிரணி மைதானத்தில் நிற்கிறது. எங்கள் அணி உடை மாற்றும் அறைக்குள். அறையின் வாசலில் தலைவர், காதில் கைபேசி. பிரமுகர் விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் யாரோ வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கறி நன்றாக இருந்திருக்கும், எழும்ப மனம் வந்திராது. மைதானத்தில் ஒரு அணி காத்து நிற்கிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதைப் பிறகு அறிந்தேன்.

யோகண்ணை நடுவட்டத்திலிருந்து விசில் ஊதினார். ஒருவரும் வெளியே வரவில்லை. இன்னொருமுறை ஊதினார். பிறகு மைதானத்தைக் கடந்து அறை வாசலுக்கே வந்தார். நான் கொடியோடு பக்கத்தில் நின்றேன். அதனால் இனி நான் எழுதுவது கேள்விப்பட்ட கதை அல்ல.

"பிள்ளையளை விடுங்கோ" என்றார் யோகண்ணை. "நேரம் போகுது."

"இந்தா வந்திட்டார். ஃப்ரீவேயில நிக்கிறாராம்."

"விளக்கை இடைவேளையில கொழுத்துவம். நானும் வந்து பக்கத்தில நிக்கிறன். இப்ப ஆட்டத்தைத் தொடங்குவம்."

"எங்கட ஆள்தானே நீர், ஒருக்காப் பொறும்" என்றார் தலைவர்.

"உங்கட ஆள் எண்டபடியால்தான் வாசல்வரை வந்து நிக்கிறன். வேற ஆள் எண்டால் நடுவில நிண்டு ஊதிப்போட்டுப் போயிருப்பார். இதுக்கு மேல பொறுக்க விதியில இடமில்லை. மட்ச் போயிடும். விளங்குதே?"

"அவ்வளவு தூரம் வாற மனிசனுக்கு என்ன மரியாதை?"

"உள்ளுக்கை சப்பாத்துக் கட்டிக்கொண்டு இருக்கிற பிள்ளையளுக்கு என்ன மரியாதை?"

தலைவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். யோகண்ணை கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். "டெங்! ரகு! வாங்கோ பிள்ளையள்" என்று கூப்பிட்டார். அவருடைய குரல் உடைந்தது. நானும் தட்டினேன். உள்ளே ரகு ஏதோ கத்துவது கேட்டது, தலைவரின் குரல் அதற்கு மேலால் கேட்டது. யோகண்ணை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எப்போதும் மைதானத்துக்குள் ஓடியே போகிறவர், அன்று நடந்துதான் போனார். நடுவில் நின்று நீளமாக விசில் ஊதி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஆட்டம் கைவிடப்பட்டது. விதிப்படி மூன்றுக்குப் பூச்சியம் என்று எங்களுக்குத் தோல்வி.

பெடியள் ஏன் தள்ளிக்கொண்டு வெளியே வரவில்லை என்று பலர் கேட்டார்கள். டெங்கிடம் நானும் கேட்டேன். அந்த விளக்கு எங்கள் சமயக் கடமை, அது எரியாமல் களத்தில் இறங்கினால் எங்களுக்குப் பெரிய அபசகுனம் என்று தலைவர் உள்ளே சொன்னாராம். "உங்கள் கடவுளை அவமதிக்க நான் விரும்பவில்லை" என்றார் டெங். கேட்டபோது எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. எந்தக் கடவுள் ஐயா, உதைபந்தாட்டத்துக்கு முதல் எண்ணெய் விளக்குக் கேட்டவர்?

இதற்குப் பிறகு நடந்ததை அறியாதவர்கள் நம்பமாட்டார்கள். எதிரணி வலையைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தபோது பிரமுகர் வந்து இறங்கினார். நிர்வாகசபை ஓடிப்போய் மாலை போட்டது. விளக்கை ஏற்றினார்கள். காற்றில் அணைந்தது, குடையைப் பிடித்து மறுபடி ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வெறும் மைதானத்தில் பந்தை வைத்து அவரை உதைக்கச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். எங்கள் கோல்காப்பாளர் காரின் டிக்கியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றியபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சீசனுக்கு அவர் வரவில்லை, டெங்கும் வரவில்லை. இப்போது வடலி யுனைட்டெட் என்பது ஒரு சின்னமும் ஒரு வட்ஸ்அப் குழுவும்தான்.

அன்று மாலையே தலைவர் குழுவில் எழுதினார். மத்தியஸ்தர் எங்களுக்கு எந்த அறிவித்தலும் தரவில்லை, எங்களுடைய ஆளாக இருந்துகொண்டே வெள்ளைக்காரருக்கு எங்களைக் காட்டிக்கொடுத்தவன் என்று எழுதினார். அடுத்த நிமிடம் யோகண்ணையைக் குழுவிலிருந்து நீக்கினார். நான் கண்டதை நான் எழுதினேன். அதற்குக் கீழே ஒருவர் பிறந்தநாள் கேக் படம் போட்டார், இன்னொருவர் கந்தசஷ்டி வகுப்பு விபரம் போட்டார். நான் குழுவைவிட்டு விலகவில்லை. விலகினால் அவர்களுக்குத்தான் சுகம்.

"காட்டிக்கொடுத்தவன்" என்பது எங்கள் சனத்திடம் சாதாரண ஏச்சு இல்லை. அந்தச் சொல்லால் மனிதர்கள் செத்ததைக் கண்ட தலைமுறை இது. யோகண்ணையின் மூத்த தமையனார் போர்க்காலத்தில் ஊரில் ஒரு சந்தியில், நெஞ்சில் அந்தச் சொல்லை எழுதிய மட்டையோடு கிடந்தவர். யோகண்ணைக்கு அப்போது பதினேழு வயது. தகப்பனாரோடு போய் உடலை எடுத்தவர் அவர். எழுதியவர்கள் பிறகு ஆள்மாறி நடந்துவிட்டது என்றார்களாம். எங்கள் தலைவர் யோகண்ணையின் ஊருக்கு அடுத்த ஊர். அந்தச் செத்தவீட்டுக்கு அவரும் போயிருக்கிறார். தெரியாமல் அந்தச் சொல்லை எடுத்தார் என்று மட்டும் ஒருவரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

இதை மலரக்கா எனக்குச் சொன்னது பிறகுதான். யோகண்ணை ஒருபோதும் சொல்லவில்லை. கடையில் ஆட்கள் முகத்தைத் திருப்பினார்கள். கோயிலில் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். கலியாண அழைப்புகள் நின்றன. அந்தச் சொல்லைச் சொன்ன வாய்களில் சிலவற்றில் அவர் கட்டிக்கொடுத்த பல் இருந்தது. இவையெல்லாம் அவருக்கு நோகவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஞாயிறுகளில் சிறுவர் ஆட்டங்களுக்குப் போனார்.

கழகத்தின் வருடாந்தக் கூட்டத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"வதனி, நான் விசில் ஊதினதைப் பற்றி அவையள் என்ன வேணுமெண்டாலும் சொல்லட்டும். நான் பிழை எண்டும் சொல்லட்டும். அந்தச் சொல்லை மட்டும் திரும்ப எடுக்கச் சொல்லும்."

கூட்டத்தில் எழும்பி நான் அதைச் சொன்னேன். தலைவர் "பார்ப்பம்" என்றார். எங்கள் சனம் "பார்ப்பம்" என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். நான் விடவில்லை, இப்போதே சொல்லுங்கள் என்று நின்றேன். தேத்தண்ணி ஆறுகிறது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள்.

இந்த வருடம் ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எதற்கும் நேரம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தார், கண் மட்டும் பழையபடி பகிடி விட்டது. வழமைபோல ஆரோடு சண்டை என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டு சொல்லுறன். அண்டைக்கு நான் வடலி வெல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் வந்தனான். மத்தியஸ்தர் அப்பிடி நினைக்கக் கூடாது. ஆனா நினைச்சனான். டெங் பெடியன் அந்த சீசன் ஓடின ஓட்டத்தைப் பார்த்தனான்தானே. அதாலதான் கதவைத் தட்டினனான்."

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "தலைவரிட்டத் திரும்பப் போய்க் கேக்கட்டோ?" என்று கேட்டேன்.

"கேட்டுப் பாரும்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவு பெருந்தன்மை உள்ளவர் போல நான் அவரை எழுதமாட்டேன். அந்தச் சொல் போகவேண்டும் என்று அவர் கடைசிவரை ஆசைப்பட்டார். நான் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது. அடுத்ததாக அவரிடமிருந்து வந்தது நான் தொடக்கத்தில் சொன்ன கைகூப்பு.

ஸ்பிரிங்வேலில் இறுதிக்கிரியை. மண்டபம் நிறைந்துவிட்டது. முகம் திருப்பினவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செத்தவீட்டுக்கு வருவதில் எங்கள் சனத்தைக் குறை சொல்ல முடியாது. பின்னுக்குச் சுவரோடு டெங் நின்றார், பக்கத்தில் ரகு. தேவாரம் படித்து முடிந்ததும் நிர்வாகசபையினர் வரிசையாக எழும்பி முன்னால் வந்தார்கள். தலைவரின் கையில் மடித்த கழகக் கொடி. அதைப் பெட்டியின்மேல் போர்த்தி மரியாதை செய்யப் போவதாக ஒலிவாங்கியில் அறிவித்தார்.

மலரக்கா கதிரையிலிருந்து எழும்பினார். பெட்டிக்கும் தலைவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"கொடி போர்க்கலாம்" என்றார். "முதல் அந்தச் சொல்லைத் திரும்ப எடுங்கோ. இதிலயே, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

தலைவர் சுற்றிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"கடந்த காலத்தில் எங்கட கழகத்தால ஆருக்காவது மனம் நோகிற மாதிரி ஏதாவது நடந்திருந்தால்..."

"ஆருக்காவது இல்லை" என்றார் மலரக்கா. குரலை உயர்த்தவில்லை. "இவருக்கு. பேரைச் சொல்லுங்கோ. என்ன சொன்னனீங்கள் எண்டும் சொல்லுங்கோ."

தலைவர் நின்றார். கையிலிருந்த கொடியைப் பார்த்தார். "இந்த நேரத்தில ஏன் பழைய கதை" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். தலைவர் ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு, கொடியைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கினார். சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை, செத்துக் கிடக்கும் மனிதருக்கு அவர் கொடுக்கவில்லை.

டெங் ரகுவிடம் என்ன நடக்கிறது என்று கேட்பது தெரிந்தது. ரகு காதுக்குள் சொன்னான். டெங் நடுவழியால் நடந்து வந்து, மலரக்காவைப் பார்த்துத் தலையசைத்து அனுமதி கேட்டார். அவர் ஓம் என்றார். டெங் ஒலிவாங்கியை எடுத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என் பெயர் டெங். அந்த அணிக்கு நான்தான் கப்டன். அன்றைக்கு இவர் எங்கள் கதவைத் தட்டினார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கதவுக்கு மற்றப் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது. எங்களை விளையாடக் கூப்பிட்ட ஒரே பெரிய மனிதர் இவர்தான். இவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்."

அவர் போய் மறுபடி சுவரோடு நின்றார். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மலரக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பெட்டியின்மேல் கையை வைத்தார்.

"காணும்" என்றார். "இனித் தூக்குங்கோ."

டெங்கும் ரகுவும் முன்னால் பிடித்தார்கள். பெட்டியின்மேல் ஒன்றும் இல்லை, அவர் வீட்டு முற்றத்துச் செவ்வந்திப் பூக்கள் மட்டும். வழியில் நின்ற தலைவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு இடம் விட்டார். அவர் கண்கள் நனைந்திருந்ததை நான் கண்டேன். அது எனக்குக் காணாது.

போட்டு வாங்கோ, யோகண்ணை. மண்டபம் முழுக்கக் கேட்டது, ஆனால் சொல்ல வேண்டியவர் இன்னும் சொல்லவில்லை. நாளை அவருக்குத் தொலைபேசி எடுப்பேன். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போவேன். அங்கே கதவைத் தட்டுகிற வேலையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.